அசாயே 1803: சிந்தியாவின் படையை வீழ்த்தியது எதிரியா, அதன் சொந்த அமைப்பா?

பரணிவாசகன்

1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் உள்ள அசாயே என்ற சிற்றூரின் அருகே, நூற்றுக்கு மேல் பீரங்கி வைத்திருந்த மராட்டியப் படை, ஏறத்தாழ 4,500 பேரோடு களத்தில் இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியிடம் தோற்றது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு இவர்தான். இந்தத் தோல்விக்கு வீரம், துரோகம், அதிர்ஷ்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: அந்தப் படைக்குத் தலை இல்லை.

மராட்டியப் படை எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று பாருங்கள். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை சுமார் 10,800 பேர், மூன்று பிரிவுகள். ஹானோவரிலிருந்து வந்த அந்தோணி போல்மனிடம் எட்டு பட்டாலியன். சர்தானாவை ஆண்ட பேகம் சம்ரு அனுப்பிவைத்த ஐந்து பட்டாலியன்கள் சலூர் என்ற ஐரோப்பியரின் கீழ். துபோன் என்ற டச்சுக்காரரிடம் நான்கு. இதற்கு வெளியே பேரார் அரசர் ரகுஜி போன்ஸ்லேயின் காலாட்கள், அப்புறம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைப்படை. குதிரைப்படை குவாலியர் அரசர் தௌலத் ராவ் சிந்தியாவுக்கும் போன்ஸ்லேக்கும் கட்டுப்பட்டது. காலாட்படையை நடத்திய போல்மனின் கையில் அது இல்லை. இரண்டு அரசர்கள், மூன்று கூலித் தளபதிகள். போதாக்குறைக்கு, சிந்தியாவிடம் வேலை பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகள் விலகி வந்தால் ஆதரிப்போம் என்று கம்பெனி அறிவித்தது, பலர் போய்விட்டார்கள். வடக்கே சிந்தியாவின் தலைமைத் தளபதியான பிரெஞ்சுக்காரர் பெரோனே அந்த மாதத் தொடக்கத்தில் கம்பெனியிடம் அடைக்கலம் புகுந்துவிட்டார்.

எதிர்ப்பக்கத்தில், கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லியின் அண்ணன் 1803 ஜூன் 26 அன்றே தம்பிக்குத் தக்காணத்தில் போர், உடன்படிக்கை இரண்டுக்கும் முழு அதிகாரம் கொடுத்துவிட்டார். ஒரே ஆள், ஒரே முடிவு. மராட்டியர் பக்கம் அதிகாரம் அப்படிப் பிரிந்து கிடந்த அன்றே சிந்தியாவின் தோல்வி பாதி உறுதியாகிவிட்டது என்பேன்.

தக்காணத்தி

பரணி அண்ணா, நீங்கள் அடுக்கிய பட்டியலில் பிழை இல்லை. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. முடிவு தெரிந்த பிறகு அமைப்பைக் குறை சொல்வது சுலபம். அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் களத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

மராட்டியர் கைல்னா ஆற்றின் வடகரையில் தெற்கு நோக்கி நின்றார்கள். நேராக ஆற்றைக் கடந்தால் பீரங்கிக்கு இரையாக வேண்டும். வெல்லெஸ்லி கிழக்கே போய், பீப்பல்கான் அருகே ஆற்றைக் கடந்து, அவர்களுடைய இடப்பக்க விலாவில் விழத் திட்டமிட்டார். அங்கே துறையே இல்லை என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். இக்கரையில் ஓர் ஊர், அக்கரையில் ஓர் ஊர் எதிரெதிரே இருப்பதைப் பார்த்து, கடக்க வழி இல்லாமல் இப்படி இரண்டு ஊர்கள் இருக்காது என்று ஊகித்தார். ஊகம் சரியாயிற்று. இதுவரை அவருடைய திறமை, மறுக்கவில்லை.

ஆனால் அவர் அக்கரை ஏறி அணிவகுத்தபோது எதிரில் விலா இல்லை, முகம் இருந்தது. போல்மன் தன் காலாட்படை முழுவதையும், பீரங்கிகளோடு, கால்வட்டம் திருப்பி, கைல்னாவுக்கும் ஜுவா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை அடைத்து நிறுத்திவிட்டார். எதிரியின் கண்முன்னே ஆயிரக்கணக்கான பேரைக் கலையாமல் அப்படித் திருப்ப முடியும் என்று வெல்லெஸ்லி எதிர்பார்க்கவே இல்லை. தலை இல்லாத படை செய்கிற வேலையா இது?

வண்டிப்பாதை

நீங்கள் இருவரும் அந்த மூன்று மணி நேரத்திலேயே நிற்கிறீர்கள். நான் அதற்கு முந்திய மூன்று மாதத்தைப் பார்க்கச் சொல்கிறேன். வெல்லெஸ்லியின் படை மைசூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பித் தக்காணத்தின் குறுக்கே வந்த படை. அவர் கடிதங்களைப் படித்தால் எதிரியைவிட மாடுகளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறார் என்று தோன்றும். பீரங்கி இழுக்க மைசூரின் அம்ருத் மகால் மாடுகள், தானியம் சுமக்க லம்பாடிகளின் பொதிமாடுகள், செய்தி கொண்டுவர அர்க்காராக்கள். அன்று காலையிலிருந்து 20 மைலுக்கு மேல் நடந்த படை அன்றைக்கே போரிட முடிந்தது என்றால் அதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். படைத்தலைமை என்பது களத்தில் வாளை உயர்த்துவது மட்டும்தானா? சோறு போடுவதும் அதில் சேர்ந்ததுதானே.

பரணிவாசகன்

வண்டிப்பாதை சொல்வது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. ஒரே தலைமை இருந்ததால்தான் மாடு முதல் பீரங்கி வரை ஒரே கணக்கில் வந்தது.

தக்காணத்தி, போல்மன் திறமைசாலி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் திருப்பம் பெரிய சாதனை. ஆனால் படை முழுவதுமா திரும்பியது? காலாட்படைதானே திரும்பியது. அந்த நேரத்தில் பெருங்குதிரைப்படை எங்கே போயிற்று? ஆற்றைக் கடக்கும்போது கம்பெனிப் படை நீளமாக, ஒழுங்கின்றி, பாதி நனைந்து கிடந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு குதிரைப்படை பாய்ந்திருந்தால் போதும்.

தக்காணத்தி

குதிரைப்படை ஒன்றுமே செய்யவில்லை என்பது தவறு. வெல்லெஸ்லியின் வலப்பக்கம் நடந்ததைச் சொல்கிறேன்.

போல்மன் திரும்பியதும் வெல்லெஸ்லி தன் வரிசையை அவசரமாக வலப்பக்கம் நீட்ட வேண்டியதாயிற்று. முன்காவல் அணிக்குத் தலைமை வகித்த ஆர்ராக், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நேராக அசாயே ஊரை நோக்கிப் போய்விட்டார். ஊரிலும் அதைச் சுற்றிலும் பீரங்கிகளும் பேரார் காலாட்களும். பின்னால் வந்த 74ஆவது ரெஜிமென்ட், ஸ்காட்லாந்துக்காரர்கள், அவரைத் தொடர்ந்து அதே நெருப்புக்குள் போனார்கள். வரிசையின் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. அந்த நேரத்தில்தான் மராட்டியக் குதிரைப்படையும் காலாட்படையும் 74இன் மீது பாய்ந்தன. எஞ்சியவர்கள் சதுரமாக நின்று, விழுந்தவர்களின் உடல்களையே அரணாக்கிச் சமாளித்தார்கள். சுமார் 500 பேரில் கிட்டத்தட்ட 400 பேர் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். கர்னல் மேக்ஸ்வெல்லின் குதிரைப்படை, பிரிட்டிஷ் 19ஆவது டிராகூன்களும் மதராஸ் குதிரைப்படையும் சேர்ந்து, பாய்ந்து வந்திராவிட்டால் வலப்பக்கம் முழுவதும் சிதறியிருக்கும்.

நீங்கள் புகழும் ‘ஒரே தலைமை’ தரப்பில் ஓர் உத்தரவு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. தலைமை பிளந்து கிடந்ததாகச் சொல்கிற தரப்பு, அந்த இடைவெளியைப் பார்த்து உடனே அடித்தது.

நீலகிரிக்காரன்

வணக்கம். நான் படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்றிருந்தேன், முடியவில்லை. இவ்வளவு நீண்ட விவாதத்தில் மதராஸ் சிப்பாய்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். என் தாத்தா மதராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். அதன் சின்னத்தில் இருக்கும் யானை அசாயேக்காக வந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்கு அந்த ஊர்ப் பெயரே தெரியும்.

வெல்லெஸ்லியின் காலாட்படையில் பிரிட்டிஷ் ரெஜிமென்டுகள் இரண்டுதான், 74உம் 78உம். மற்ற ஐந்து பட்டாலியன்களும் மதராஸ் காலாட்படை. குறிப்புகளில் 1/8, 1/10, 2/12 என்று எழுதியிருப்பார்கள். 1796 சீர்திருத்தத்துக்குப் பிறகு ஒரு ரெஜிமென்டுக்கு இரண்டு பட்டாலியன், அதன்படி 2/12 என்றால் 12ஆவது ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன். அதே சீர்திருத்தம்தான் வெள்ளை அதிகாரிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, சுபேதார், ஜமேதார் என்ற இந்திய அதிகாரிகளின் அதிகாரத்தைக் குறைத்தது. அந்த நிலையிலும் பீரங்கி வாய்க்கு நேராக வரிசை கலையாமல் நடந்தவர்கள் இவர்கள். மாண்டும் காயமடைந்தும் காணாமலும் போன 1,584 பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். வெல்லெஸ்லியா போல்மனா என்று மட்டும் பேசினால் இவர்கள் கணக்கில் வராமலே போய்விடுகிறார்கள்.

பரணிவாசகன்

நீலகிரிக்காரரே, உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம். அந்தக் குறை என் முதல் பதிவில் இருந்தது உண்மை. ஆனால் சிப்பாய்களின் உறுதி மட்டுமே காரணம் என்றால் ஆர்காவ் போர் என்ன ஆகிறது? அதே ஆண்டு நவம்பர் 29 அன்று அங்கே பீரங்கி முழங்கத் தொடங்கியதும், அசாயேயில் அற்புதமாக நின்ற அதே மதராஸ் பட்டாலியன்கள் சில கலைந்து ஓடின. வெல்லெஸ்லியே ஓடிப்போய் அவர்களைத் திரட்டி மீண்டும் வரிசையில் நிறுத்தினார். நான் அங்கு இல்லாதிருந்தால் அன்று தோற்றிருப்போம் என்ற பொருளில் பிறகு எழுதவும் செய்தார். ஆட்கள் அதே ஆட்கள்தான். தடுமாறிய நேரத்தில் தாங்கிப் பிடிக்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

நீலகிரிக்காரன்

ஆர்காவை நானும் மறைக்கவில்லை. அங்கே கலைந்தவர்கள் சில நிமிடத்தில் திரும்பி வந்து அதே போரில் வென்றார்கள். கூப்பிட்டவர் ஒருவர், சரி. திரும்பி வந்தவர்கள் யார்?

தக்காணத்தி

பரணி அண்ணா, தாங்கிப் பிடிக்க ஒருவர் என்கிறீர்களே, அசாயேயில் அவருடைய ஒரு குதிரை சுடப்பட்டது, இன்னொன்று ஈட்டியால் குத்தப்பட்டது. ஆற்றைக் கடக்கும்போது அருகில் இருந்தவரின் தலையைப் பீரங்கிக் குண்டு கொண்டுபோனது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் உங்கள் ‘ஒரே தலைமை’ அந்த நொடியே போயிருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆளின் உயிரில் தொங்கவிட்ட அமைப்பை எப்படி உறுதியான அமைப்பு என்று சொல்ல முடிகிறது?

மராட்டியப் பீரங்கிக்காரர்களையும் பாருங்கள். வரிசை தங்களைத் தாண்டிப் போகும்வரை வண்டிகளுக்கு அடியில் செத்தவர்கள்போலக் கிடந்து, பிறகு எழுந்து பின்னாலிருந்து சுட்டார்கள். வெல்லெஸ்லி ஒரு பகுதிப் படையைத் திருப்பிக் கூட்டிவந்து அதே பீரங்கிகளை இரண்டாம் முறை பிடிக்க வேண்டியிருந்தது. இதை அவர்களுக்கு யாரும் உத்தரவிட்டிருக்க வேண்டியதில்லை. கடைசியில் 98 பீரங்கிகள் கம்பெனியிடம் சிக்கின. அவற்றை விட்டு ஓட மறுத்தவர்கள் அங்கேயே மாண்டார்கள்.

பரணிவாசகன்

பீரங்கிக்காரர்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். ‘தலை இல்லை’ என்று எழுதியதையும் திருத்திக்கொள்கிறேன். காலாட்படைக்குத் தலை இருந்தது, நல்ல தலையே இருந்தது. ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. திட்டப்படி 24ஆம் தேதிதான் கம்பெனியின் இன்னொரு தளபதி ஸ்டீவன்சனின் படையும் சேர்ந்து தாக்க வேண்டும். அவர் அந்த நாள் மாலைதான் வந்து சேர்ந்தார். அதாவது 23 அன்று வெல்லெஸ்லி தனியாக, களைத்துப்போய், ஆற்றின் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றார். அவரை அங்கேயே முடிக்கும் அளவுக்குக் குதிரைகள் இருந்தும், 74இன் மீது பாய்ந்த சிலரைத் தவிர மற்றவர்களை யார் தடுத்தார்கள்? போல்மனுக்கு அந்தக் குதிரைகள் மீது அதிகாரம் இருந்திருந்தால்?

தக்காணத்தி

இருந்திருந்தால் அனுப்பியிருப்பார். அந்த ஒன்றை மட்டும் ஏற்கிறேன் அண்ணா. மற்றதில் நான் அசையவில்லை.