ரெண்டாவது படிக்கிற குழந்தைக்குத் தினமும் டிக்டேஷன், மூணு பாடத்துல ஹோம்வொர்க். டியூஷன்ல சேர்க்கலாமா?

ஈரோடு அம்மா:
வணக்கம்ங்க. எம் பொண்ணு இங்க ஒரு மெட்ரிக் பள்ளியில ரெண்டாவது படிக்கறா. தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூணுக்கும் தினமும் ஹோம்வொர்க் உண்டு. தமிழ்ல பாடத்துக்குப் பின்னாடி இருக்கற கேள்வி பதிலை ரெண்டு தடவை எழுதணும். காலையில முதல் பீரியட் டிக்டேஷன். தப்பான வார்த்தைக்கெல்லாம் இம்போசிஷன்.

நான் ஜவுளிக் கடையில வேலைக்குப் போறேன். வீடு வந்து அடுப்பு வேலை முடிச்சு நோட்டைப் பிரிச்சா, அவளுக்குக் கண்ணு சொக்குது. பென்சிலைப் பிடிச்சபடியே தூங்கிடறா. மீதியை நான்தான் இடது கையில எழுதி முடிக்கறேன், அவ கையெழுத்து மாதிரி இருக்கணும்னு. போன வாரம் தமிழ் டெஸ்ட்ல 25-க்கு 11. கிளாஸ்ல எல்லார் மார்க்கையும் சத்தமா வாசிச்சாங்களாம். வீட்டுக்கு வந்து "நான் மக்காம்மா?"ன்னு கேட்டா. ராத்திரி கதை சொன்னா மறுநாள் ஒரு வரி விடாம திருப்பிச் சொல்ற புள்ளைங்க இவ. டியூஷன் போடறதா, பள்ளியை மாத்தறதா, மிஸ்கிட்ட பேசறதா? பேசறதுன்னா எப்படிப் பேசறது?

கரூர் அப்பா:
எழுத எழுதத்தான் கை வரும்ங்க. எங்க பையனும் இப்படித்தான் இருந்தான், டியூஷன் போட்டோம், மூணாவது வந்ததும் சரியாயிட்டான். சின்ன வயசுலயே பழகிட்டா பின்னால கஷ்டம் இல்லை.

ஒன்றியப் பள்ளி டீச்சர்:
சகோதரி, நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. டியூஷன் வேண்டாம். பகல் முழுக்க எழுதிய கைக்கு இன்னொரு எழுத்து வேலைதான் அங்கேயும் கிடைக்கும்.

அந்த 11-ஐ விட்டுவிட்டு விடைத்தாளைக் கையில் எடுங்கள். எங்கே தப்பு என்று பாருங்கள். 'பட்டம்' என்பதை 'படம்' என்று எழுதியிருக்கிறாளா? அப்படியானால் ஒற்று அவள் காதில் விழவில்லை. சொல்லைக் கை தட்டித் தட்டிச் சொல்லிக் காட்ட வேண்டும். 'காடு' 'கடு' ஆகியிருந்தால் குறில் நெடில் இன்னும் பிடிபடவில்லை. 'பழம்' 'பளம்' ஆகியிருந்தால் கவலையே படாதீர்கள். ல, ள, ழ குழப்பம் நிறையக் கதை வாசித்தால் தானாகத் தெளியும், இம்போசிஷனால் தெளியாது. கடைசி நான்கைந்து கேள்விகள் வெறுமையாகக் கிடந்தால், மிஸ் சொல்லும் வேகத்துக்கு அந்தப் பிஞ்சு விரல் ஓடவில்லை என்று அர்த்தம். அதே கேள்விகளை வாயால் கேட்டுப் பாருங்கள். இந்த நான்கு குழந்தைகளுக்கும் ஒரே 11 வரலாம். செய்ய வேண்டியதோ நான்கு விதம். மார்க்கை வாசித்துவிட்டு நோட்டை மூடும் வகுப்பறைகள் மேல் எனக்குள்ள கோபமே இதுதான்.

எங்கள் பள்ளிகளில் 2022 முதல், அடிப்படை எழுத்தும் கணக்கும் எல்லாப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. முதலில் 3-ஆம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த ஆண்டு 5 வரை நீட்டினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பில் இருந்தால் அரும்பிலிருந்துதான் தொடங்குவோம். வளரறி மதிப்பீடு என்று அடிக்கடி சிறு சிறு மதிப்பீடுகள், பருவக் கடைசியில் தொகுத்தறி மதிப்பீடு. பதிவேற்றும் வேலை அதிகம்தான், மறைக்க மாட்டேன். ஆனாலும் எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஹோம்வொர்க் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு பெண், அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். அவள் நோட்டு தினமும் அக்கா கையெழுத்தில் வரும். அதைத் திருத்தி எனக்கு என்ன தெரியப்போகிறது? அக்காவுக்கு எழுத வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான். அதனால் எழுத்து வேலை தருவதை விட்டேன். "பாட்டியிடம் ஒரு விடுகதை கேட்டு வா", "இன்றைக்குக் குழம்பில் என்னென்ன போட்டார்கள் என்று பார்த்து வா" என்று அனுப்புவேன். காலையில் பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதுவேன். முருங்கைக்காய், மொச்சை, புளி. அன்றைய வாசிப்பு அதிலிருந்துதான். அந்தப் பெண் தானாக எழுதிய முதல் சொல் 'கருவாடு'. நெடிலைச் சரியாகப் போட்டிருந்தாள்!

நீங்களும் இன்றே இடது கையில் எழுதுவதை நிறுத்துங்கள். எவ்வளவு எழுதினாளோ அவ்வளவோடு விட்டு, டைரியில் "இதுவரை தானாக எழுதினாள், தூக்கம் வந்துவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த மிஸ்ஸுக்கு வகுப்பு நிறையக் குழந்தைகள், மேலே நிர்வாகம், நோட்டைப் புரட்டிப் பார்க்கும் மற்ற பெற்றோர். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் நாலு பேர் முன்னால் பேசாமல், ஒரு நாள் சாயங்காலம் தாளோடு தனியாகப் போய்ப் பாருங்கள். மார்க்கைச் சத்தமாக வாசிக்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திக் கேளுங்கள்.

கேட்கவில்லையென்றால் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 29-ஆம் பிரிவு குழந்தை அச்சமில்லாமல் கற்க வேண்டும் என்கிறது. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சொன்னது சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பான வழக்கில். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கையிலும் 2-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை. 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். முதல் நாளே இதையெல்லாம் நீட்ட வேண்டாம்.

சிங்கைத் தமிழன்:
அக்கா, இங்கே சிங்கப்பூரில் 2019 முதல் தொடக்கநிலை 1, 2-இல் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகளே கிடையாது. தேர்ச்சிப் புத்தகத்தில் வகுப்பில் எத்தனையாவது என்பதையும் எடுத்துவிட்டார்கள். என் மகன் அந்த இரண்டு வருடமும் பயமில்லாமல் போய் வந்தான். ஆனால் ஆறாம் வகுப்பு முடிவில் பி.எஸ்.எல்.இ. என்ற தேசியத் தேர்வு இன்னும் இருக்கிறது. அதனால் பெற்றோர் மனது மாறவில்லை, டியூஷன் நிலையங்களும் குறையவில்லை. பள்ளி தேர்வை எடுத்தாலும் நாம் வீட்டில் வைத்துவிடுகிறோம். அதையும் யோசியுங்கள்.

ஈரோடு அம்மா:
டீச்சர், தாளை எடுத்துப் பார்த்தேனுங்க. கடைசி நாலு கேள்வி எழுதவே இல்லை. வாயில கேட்டா நாலுக்கும் பதில் சொல்றா! எழுதினதுல பாதித் தப்பு கொம்புலதான். 'கொடி'யை 'காடி'ன்னும் 'தேர்'ஐ 'தெர்'னும் எழுதியிருக்கா. இதுக்கு என்ன பண்றதுங்க?

ஒன்றியப் பள்ளி டீச்சர்:
நல்லது, இப்போது பிடி கிடைத்துவிட்டது. 'கொ' என்னும்போது காது 'க்'கைத்தான் முதலில் கேட்கிறது, கையோ கொம்பை முதலில் போட வேண்டியிருக்கிறது. இந்த வயதில் பலருக்கும் தடுக்கும் இடம் அது. அட்டையில் க, த, ப, ம எழுதி வெட்டுங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, துணைக்கால் தனித்தனியாக வெட்டுங்கள். நீங்கள் சமைக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து 'கொடி' சொல்லுங்கள், 'தேர்' சொல்லுங்கள், அவள் அட்டையைச் சேர்த்து வைக்கட்டும். பென்சில் வேண்டாம், பத்து நிமிஷம் போதும். மிஸ்ஸிடம் போகும்போது அந்த வெற்றுக் கேள்விகளைக் காட்டி, அடுத்த டெஸ்டில் அவளுக்கு மட்டும் அவற்றை வாய்மொழியாகக் கேட்க முடியுமா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், மறுத்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.