பி.எம்.டபிள்யூ எஃப்30: இரண்டு சாவியும் தொலைந்தால் செலவைக் குறைக்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2014 மாடல் 3 சீரிஸ் (எஃப்30), எஃப்.இ.எம் மாட்யூல், அதாவது சாவியைச் சரிபார்க்கும் கணினிப் பெட்டி, உள்ளது. கையில் ஒரு சாவிகூட இல்லை. அதுதான் செலவை ஏற்றுகிறது.

ஒரு சாவி இருந்தால், இன்னொன்றைச் சேர்ப்பது எளிது. எதுவுமே இல்லையென்றால் வெளிக்கடைக்காரர் பெரும்பாலும் எஃப்.இ.எம்-ஐக் கழற்றி, உள்ளே இருக்கும் 95128 ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பைப் படித்து, புதுச் சாவியை ஏற்கும்படி தயார்படுத்தி, பழைய கோடிங்கை (வண்டியின் அமைப்புகளை) திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் மாட்யூலே செத்துவிடும். சாவியைவிட அது பெரிய செலவு. வோல்டேஜைச் சீராக வைக்கும் ஸ்டெபிலைசர் இல்லாமல் வேலை செய்பவரை நான் நம்பமாட்டேன்.

டீலர் வழி வேறு. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வண்டிக்கென்றே கோட் செய்த சாவி வரும். மாட்யூலைத் தொட வேண்டியதில்லை. ஆர்.சி, அடையாள அட்டை கட்டாயம், காத்திருப்பும் உண்டு.

இவற்றைச் செய்தவர்கள் சொல்லுங்கள்:

டீலர் விலையில் சாவி, கூலி, வரி, டோயிங் எவ்வளவு எனத் தனித்தனியாக? தொலைந்த சாவிகளை முடக்கத் தனிக் கட்டணம் வாங்கினார்களா? (இதை விடக்கூடாது. முடக்காவிட்டால் கண்டெடுத்தவர் வண்டியை எடுத்துப் போகலாம்.) வெளியே செய்தவர்களுக்கு கம்ஃபர்ட் ஆக்சஸ் (சாவியை வெளியே எடுக்காமலே கதவைத் திறக்கும் வசதி) சரியாக வேலை செய்கிறதா, பிறகு ஏதாவது எரர் வந்ததா?

வேறு வண்டியின் பழைய சாவியை வாங்கச் சொல்லாதீர்கள். அது முதல் வண்டியோடு பூட்டப்பட்டது. 315, 433, 868 மெகாஹெர்ட்ஸ் என அலைவரிசையும் மாறும்.

காப்பீட்டில் சாவி இழப்பு சேர்க்கப்பட்டிருந்தவர்கள், என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்றும் எழுதுங்கள்.