டிசம்பர் 11 அன்னதானம்: அழைப்பிதழில் வர வேண்டிய இரண்டு வரிகள்

குமரன் (பாயான் லெப்பாஸ்), இரவு 8.42
அனைவருக்கும் வணக்கம். அன்னதான அழைப்பிதழை நாளை காலை பத்து மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். வாசகம் இதுதான்: “1941ஆம் ஆண்டு கொடிய ஜப்பானியர்களின் குண்டுக்குப் பலியான எங்கள் கொள்ளுத்தாத்தாவின் நினைவாகவும், 1945இல் போர்க்காலத்தில் காலமான அவருடைய தம்பியின் நினைவாகவும்.” ஒரே ஒரு திருத்தம் கேட்கிறேன். என் தொழிற்சாலை மேலாளர் ஜப்பானியர்; அவரும் அவர் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். “கொடிய ஜப்பானியர்களின்” என்பதை எடுத்துவிட்டு “குண்டுவீச்சில்” என்று மட்டும் போடலாமா?

ஈப்போ மாமா, இரவு 8.44
கூடாது.

ஈப்போ மாமா, இரவு 8.46
ஒருவர் நம் வீட்டு இலையில் உட்காரப் போகிறார் என்பதற்காக, இறந்தவரைக் கொன்றது யார் என்பதை மறைக்கக் கூடாது.

சாந்தி (ஜார்ஜ் டவுன்), இரவு 8.47
பெரிய பாட்டி தூங்கிவிட்டார். அவரைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். இறந்தவர் அவருடைய அப்பா.

ரவி சித்தப்பா (செந்தூல்), இரவு 8.55
வாசகத்தைப் படித்தேன். பெரிய தாத்தா பலியானார். எங்கள் தாத்தா காலமானார். எண்பது ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறது.

குமரன், இரவு 8.56
சித்தப்பா, வேண்டுமென்று செய்யவில்லை. போன வருட அழைப்பிதழில் இருந்ததை அப்படியே எடுத்தேன்.

ரவி சித்தப்பா, இரவு 8.57
தெரியும். போன வருடம் எழுதியது யார் என்பதும் தெரியும்.

பத்மா அத்தை (பிறை), இரவு 9.14
எழுதியது நான்தான், ரவி. முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் அந்த வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். எல்லாரும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

1941 டிசம்பர் 11 காலையில் ஜப்பானிய விமானங்கள் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு மேலே வந்தபோது, ஊர் மக்கள் ஓடி ஒளியவில்லை. அதுவரை அப்படி ஒன்றைக் கண்டிராதவர்கள், வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றார்கள். தீவில் அந்த விமானங்களைச் சுட ஒரு பீரங்கிகூட இல்லை. முதலில் குண்டு விழுந்தது. பிறகு தாழப் பறந்து, ஓடியவர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். நம் தாத்தா தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்கிவிட்டுக் கரைக்கு வந்த நேரம். முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை என்றும், இடுப்பில் செருகியிருந்த மூட்டைக் கொக்கியை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்றும் பெரிய அத்தை, அதாவது பிள்ளைகளின் பெரிய பாட்டி, சொல்வார். அப்போது அவருக்கு நான்கு வயது.

சாந்தி, இரவு 9.16
அந்தக் கொக்கி இன்னும் இந்த வீட்டுச் சமையலறையில்தான் இருக்கிறது. மரப்பிடி கைபட்டுக் கைபட்டு ஒரு பக்கம் பள்ளமாகியிருக்கும். பாட்டி அதில்தான் வாழைத்தார் மாட்டுவார்.

ஈப்போ மாமா, இரவு 9.17
இதைப் படித்த பிறகும் “கொடிய” என்ற சொல்லை எடுக்க வேண்டுமா?

பத்மா அத்தை, இரவு 9.31
எடுக்க வேண்டும், அண்ணன். மேலாளர் வருகிறார் என்பதற்காக அல்ல. “ஜப்பானியர்கள்” என்ற சொல் பொறுப்பை ஒரு மக்கள் கூட்டம் முழுவதன்மீதும் பரப்பி, உண்மையில் சுமக்க வேண்டியவர்களைத் தப்பிக்க விடுகிறது என்பதற்காக. ஜார்ஜ் டவுன் தெருக்களை இலக்காகத் தேர்ந்தெடுத்த தளபதி இருந்தார். கட்டளை பிறப்பித்தவர்கள் இருந்தார்கள். தாழப் பறந்து, கீழே ஓடுகிறவர்கள் கூலிக்காரர்களும் பெண்களும் என்று கண்ணால் கண்ட பிறகும் விசையை அழுத்தியவர்கள் இருந்தார்கள். குமரனின் மேலாளர் அன்று பிறக்கவேயில்லை. ஆகவே “ஜப்பானியப் படையின் விமானங்கள் வீசிய குண்டால்” என்று எழுதுவோம். அதில் மறைப்பும் இல்லை, வசையும் இல்லை.

இன்னொரு பங்கையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 16 இரவுக்குள் பிரிட்டிஷார் தீவிலிருந்த ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றி அழைத்துக்கொண்டு போனார்கள். பிணங்கள் தெருவிலேயே கிடந்தன. அதன்பின் கோட்டையிலிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, ஊரைக் காக்க ஒரு சேவைக் குழுவைக் கூட்டியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர் சரவணமுத்து. குண்டு போட்டவன் செய்தது கொலை. காப்பதாகச் சொல்லி ஆட்சி செய்தவன், காக்காமல் விட்டுப் போனதும் பொறுப்பில்லாத செயல்தான்.

சிவா அத்தான், இரவு 9.33
சரவணமுத்து எங்கள் இலங்கைக்காரர்.

ஈப்போ மாமா, இரவு 9.34
சிவா, அன்னதானத்துக்கான உங்கள் வீட்டுப் பங்கு இன்னும் வரவில்லை.

சாந்தி, இரவு 9.35
மாமா, நேற்றே அனுப்பிவிட்டோம். வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

ரவி சித்தப்பா, இரவு 9.41
அக்கா, 1945க்கு வாருங்கள்.

பத்மா அத்தை, இரவு 10.02
வருகிறேன். 1945 மார்ச் 10 அன்று கோலாலம்பூர் ரயில்வே யார்டின்மீது அமெரிக்காவின் பி-29 விமானங்கள் குண்டு வீசின. அவை வங்காளத்தின் கரக்பூர்ப் பக்கமிருந்த தளங்களைச் சேர்ந்தவை. குறி தண்டவாளம்தான், ஆனால் இப்போது தேசிய அருங்காட்சியகம் நிற்கும் இடத்திலிருந்த பழைய சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியே தரைமட்டமானது. யார்டை ஒட்டிய ரயில்வே வீடுகளில் குடியிருந்தவர்கள் நம் ஆட்கள். உன் தாத்தா அன்று வேலைக்குப் போகவில்லை; காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார்.

விடுதலை கொண்டுவருகிறவர்கள் போட்ட குண்டு என்பதால், நம் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. “போர்க்காலத்தில் காலமானார்” என்ற வரி அந்த மௌனத்திலிருந்து வந்தது. நானும் அதைக் கேள்வி கேட்காமல் எழுதினேன்.

ரவி சித்தப்பா, இரவு 10.05
அப்பா எப்போதும் “குறி தவறிவிட்டது” என்று சொல்லி முடித்துவிடுவார். குறி தவறினால் யாருக்கும் பொறுப்பு இல்லையா?

பத்மா அத்தை, இரவு 10.21
வேறுபாடு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தெருவில் நிற்பவனையே குறிவைப்பதும், தண்டவாளத்தைக் குறிவைத்து அருகில் இருப்பவனைக் கொல்வதும் ஒன்றல்ல. ஆனால் தண்டவாளத்தின் ஓரத்தில்தான் ரயில்வே தொழிலாளி குடியிருப்பான் என்பதும், உயரத்திலிருந்து போடும் குண்டு வரைபடத்தில் வரைந்த கோட்டுக்குள் விழாது என்பதும் திட்டம் போட்டவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தத் தெருவில் லாரியை விரட்டி ஓட்டுகிறவன், “பிள்ளையை இடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை” என்று சொன்னால் நாம் கேட்டுக்கொண்டு சும்மா இருப்போமா? முன்கூட்டியே தெரிந்தும் ஏற்றுக்கொண்ட சாவுக்கு, ஏற்றுக்கொண்டவரே பொறுப்பு.

அதே மார்ச் 9 இரவும் 10 விடியலும் தோக்கியோவில் தீக்குண்டு வீசி ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கொன்றார்கள். அங்கே குறி தவறவில்லை. மரவீடுகள் நெருங்கிய குடியிருப்புதான் குறி. இத்தனைக்கும் 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, போர் தொடங்கிய அன்றே, பொதுமக்கள்மீது குண்டு வீசாதீர்கள் என்று போரில் இறங்கக்கூடிய நாடுகளைக் கேட்டுக்கொண்டவர் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்.

ஈப்போ மாமா, இரவு 10.24
டீச்சர், நீங்கள் படித்தவர். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். என் அப்பா ஜப்பானியப் படை போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். தோட்டத்திலிருந்து அவரோடு போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ஹிரோஷிமாவில் அந்தக் குண்டு விழுந்ததால் போர் முடிந்தது, அப்பா வந்தார், 1947இல் நான் பிறந்தேன். அதைத் தவறு என்று என் வாயால் சொல்ல முடியாது.

குமரன், இரவு 10.26
மாமா, இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லை.

ஈப்போ மாமா, இரவு 10.27
யாரும் கேட்டதில்லை.

பத்மா அத்தை, இரவு 10.49
அண்ணன், உங்கள் அப்பா திரும்பி வந்த நாள் இந்தக் குடும்பத்துக்கு நல்ல நாள். அந்த நன்றியை விடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போர் முடிந்ததற்கு அந்தக் குண்டு மட்டும் காரணமா, அதே வாரத்தில் சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்ததும் காரணமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வழக்கை உங்கள் முன் வைக்க நான் விரும்பவில்லை. வேறு ஒன்றைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமா நடுவில், தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கியிருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கேயே இறந்தார்கள். அதே ஊரில் கொரியாவிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தார்கள்; அவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்கள் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள், அண்ணன். ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு போய், யாருடைய போருக்கோ வேலை வாங்கப்பட்டவர்கள். உங்கள் அப்பாவின் பாதை ஹிரோஷிமா வழியாகப் போயிருந்தால், நாம் இன்று அந்தக் குண்டை என்ன பெயரிட்டு அழைத்திருப்போம்?

ஈப்போ மாமா, இரவு 10.58
படித்தேன்.

சிவா அத்தான், இரவு 11.03
2009இல் முள்ளிவாய்க்காலில், பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடத்தில்தான் எறிகணை விழுந்தது. என் பெரியம்மா மகள் அங்கே இருந்தாள். பொறுப்பு யாருடையது என்று நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அத்தை, அந்தக் காலத்தில் யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

பத்மா அத்தை, இரவு 11.12
போருக்குப் பின் நியூரம்பர்க்கிலும் தோக்கியோவிலும் கூடிய பெரிய நீதிமன்றங்களில், நகரங்கள்மீது குண்டு வீசிய குற்றத்துக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தக் கேள்வியைத் தொட்டால் வென்றவர்களும் கூண்டில் ஏற வேண்டியிருந்திருக்கும். ஆனால் அப்போது யாருக்கும் தவறு தெரியவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. 1944 பிப்ரவரியில், போர் நடுவிலேயே, பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் எழுந்து, ஜெர்மன் நகரங்களை இப்படி அழிப்பதற்கு என்ன நியாயம் என்று தம் அரசையே கேட்டார் சிச்செஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல்.

குமரன், இரவு 11.20
இப்படி மாற்றியிருக்கிறேன்: “1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானியப் படை விமானங்கள் வீசிய குண்டால் ஜார்ஜ் டவுனில் கொல்லப்பட்ட எங்கள் கொள்ளுத்தாத்தாவின் நினைவாகவும், 1945 மார்ச் 10 அன்று அமெரிக்கப் படை விமானங்கள் வீசிய குண்டால் கோலாலம்பூரில் கொல்லப்பட்ட அவருடைய தம்பியின் நினைவாகவும்.”

ரவி சித்தப்பா, இரவு 11.22
எனக்குச் சம்மதம்.

ஈப்போ மாமா, இரவு 11.24
“கொடிய” என்ற சொல் போவதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. பாட்டி என்ன சொல்கிறாரோ அதன்படி செய்யுங்கள்.

சாந்தி, காலை 6.50
பாட்டியிடம் படித்துக் காட்டினேன். முதல் வரியைக் கேட்டுத் தலையசைத்தார். இரண்டாவது வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார். சித்தப்பாமேல் விழுந்தது அமெரிக்கக் குண்டு என்று இத்தனை ஆண்டுகளில் தமக்கு யாருமே சொன்னதில்லை என்கிறார். அதுவும் ஜப்பான்காரன் போட்டதுதான் என்று நினைத்திருந்தாராம்.

ரவி சித்தப்பா, காலை 6.53
யாருமே சொன்னதில்லையா?

பத்மா அத்தை, காலை 6.58
நானும் சொன்னதில்லை, ரவி.

குமரன், காலை 7.05
அச்சகத்தில் நண்பகல்வரை நேரம் கேட்டிருக்கிறேன். பாட்டி வேறு ஏதாவது சொன்னாரா, அக்கா?

சாந்தி, காலை 7.06
இன்னும் பேசவில்லை. கொக்கியில் இருந்த பழத்தை எடுத்துச் சாமிக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.