ஆச்சி காட்டிய கோட்டுக்கு மேலே ஏறிய தண்ணீர்: உங்கள் ஊர்க் கோடு என்ன ஆனது?

பொருநைக்கரை எழுதியது:

எங்கள் வீடு ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவே, தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. தார்சாவில், அதாவது முன்கூடத்தில், சுவரில் முழங்கால் உயரத்தில் செங்காவியால் இழுத்த ஒரு கோடு உண்டு. 1992 நவம்பர் வெள்ளம் வடிந்த மறுநாள் தாத்தா இழுத்தது. அந்தக் கோட்டைக் காட்டித்தான் ஆச்சி எங்களுக்கு வெள்ளம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தாள். "இதற்கு மேல் ஆறு ஏறாது" என்பாள். வீட்டில் எதை வைத்தாலும் அந்தக் கோட்டுக்கு மேலே வைப்போம். பீரோவுக்கு அடியில் செங்கல் அடுக்கியதும், அரிசி மூட்டைக்குப் பலகை போட்டதும், பத்திரப் பெட்டியை அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்ததும் அந்தக் கோட்டை நம்பித்தான்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். விடியற்காலையில் கோலம் போட வாசலுக்குப் போன அம்மா கோலப்பொடியோடு திரும்பி வந்தாள். அன்று பகல் முழுவதும் மழை விடவில்லை. மாலையில் மின்சாரம் நின்றது. இரவெல்லாம் நானும் அண்ணனும் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். 1992-இல் தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்தது என்று கேட்டிருந்தோம்.

தண்ணீர் வந்தது பின்பக்கத்திலிருந்து. குளத்தங்கரை உடைந்துவிட்டது. கிணற்றடிச் சுவர் சரிந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது அடுக்களைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கோட்டைத் தொட எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. அரை மணி நேரம்கூட இருக்காது. ஆச்சியை நாற்காலியோடு தூக்கி அடுத்த வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். விடிந்தபோது எங்கள் தார்சாவில் தண்ணீர் என் நெஞ்சளவு நின்றது. இரண்டு இரவு அந்த மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் பதினாறு பேர் இருந்தோம், மூன்று ஆடுகளும். ஆச்சி ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "கோடு தெரிகிறதா?"

கணக்கெல்லாம் பிறகுதான் தெரிந்தது. 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53. எங்கள் பக்கம் ஓராண்டு முழுவதும் பெய்கிற சராசரி மழையைவிட காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் பெய்தது அதிகம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டதும், புதுக்குடி ஊர் மக்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டதும் நீங்கள் படித்திருப்பீர்கள்.

கேட்க வந்தது இதுதான். பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோடு வைத்திருப்பார்கள். சுவரிலோ, படிக்கட்டிலோ, பழமொழியிலோ. உங்கள் ஊரில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறதா? தாண்டப்பட்டதென்றால் எப்போது, எப்படி? பார்த்ததை எழுதுங்கள்.

அம்பாசமுத்திரத்துக்காரர்:

தம்பி, உங்கள் ஆச்சியின் கேள்வியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுத முடியவில்லை. நல்லபடியாகத் தப்பினீர்களே, அது போதும்.

ஆனால் 68 வயதுக்காரன் நினைவில் இருப்பதையும் சொல்ல வேண்டும். 1992-இல் எங்கள் பக்கம் பட்டதை 2023-இல் படவில்லை. அப்போது மலையில், மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில், ஒரே நாளில் 965 மி.மீ. பெய்தது. காயல்பட்டினத்து 95 செ.மீ.யைவிட அது ஒரு பிடி கூடுதல். அந்த உச்சம் இன்னும் அப்படியே நிற்கிறது. மார்கழியில் மழை இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 இரவு, அதுவும் மார்கழிதான். இப்போது ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, தாலுகாவுக்குத் தாலுகா மழைமானி இருக்கிறது. முன்பு யாரும் அளக்காமல் போன மழையெல்லாம் இன்று அளக்கப்படுகிறது. அதனால்கூட அதிகம் போலத் தோன்றலாம் அல்லவா? மறுப்பதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

ஊத்தங்கரை:

அண்ணாச்சி, எங்கள் ஊரில் வெள்ளத்துக்குக் கோடே கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யார் வெள்ளத்துக்குக் கோடு போடுவார்கள்? எங்கள் பெரியவர்கள் சொன்னதெல்லாம் பஞ்சத்தைப் பற்றித்தான். 2024 டிசம்பர் 2 காலை வரை ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து உள்ளே வந்து எங்கள் மேல் நின்றுவிட்டது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஏரிப் பக்கமாக உருண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். அப்பாவுக்கு 80 வயது. "இந்த ஊருக்கு இவ்வளவு தண்ணீர் சொந்தம் இல்லையே" என்றார். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

கணக்கு டீச்சர், புதுச்சேரி:

அம்பாசமுத்திரத்து ஐயா கேட்டது சரியான கேள்வி. அளக்கும் இடங்கள் கூடினால் உச்சங்களும் கூடுதலாகப் பிடிபடும். ஆகவே பல ஆண்டுகளாக அளந்துவருகிற இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

என் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் 24 மணி நேர மழையின் பழைய உச்சம் 2004 அக்டோபர் 31 அன்று பதிவான 21 செ.மீ. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது பெய்தது 48 செ.மீ. அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மறுநாள் எங்கள் தெருவுக்குள் படகு வந்தது. கீழ்வீட்டுப் பாட்டியைப் படகில் ஏற்றும்போது என் கையில் அவருடைய மருந்துப் பையும் ஒரு குத்துவிளக்கும் இருந்தன. இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். வகுப்பில் இதைச் சீட்டுகளை வைத்துச் செய்து காட்டுவேன். நூறு துண்டுச் சீட்டில் ஒன்று முதல் நூறு வரை எழுதிக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வேன். முதல் சீட்டு எதுவானாலும் அதுதான் அதுவரை உச்சம். இரண்டாவது சீட்டு அதைத் தாண்ட இரண்டில் ஒரு வாய்ப்பு. பத்தாவது சீட்டு புதிய உச்சமாக இருக்கப் பத்தில் ஒன்று. நூறாவதற்கு நூறில் ஒன்று. இப்படியே கூட்டினால் நூறு சீட்டில், முதல் சீட்டையும் சேர்த்து, சராசரியாக ஐந்து முறைதான் புதிய உச்சம் வரும், அதிலும் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே வந்துவிடும். பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் நான்கு, ஐந்து, ஆறு என்று வரும்.

வானிலை மாறாமல் இருந்தால் அதுவும் இந்தச் சீட்டுக் கணக்கின்படிதான் நடக்க வேண்டும். நூறு ஆண்டு அளந்த ஊரில் புதிய உச்சம் அரிதாகிக்கொண்டே போக வேண்டும். உலகச் சராசரி வெப்பத்தைப் பாருங்கள். 2023 அதுவரை அளந்ததிலேயே வெப்பமான ஆண்டானது. மறு ஆண்டே 2024 அதைத் தாண்டியது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எல் நினோ முன்பும் வந்திருக்கிறது, இந்த உயரத்துக்கு ஏறியதில்லை. யாரோ பெட்டிக்குள் பெரிய எண்களாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

மழைக்கும் காரணம் இருக்கிறது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். இறக்கும்போது அதற்கேற்பக் கூடுதலாக இறக்கும். ஐ.நா.வின் பன்னாட்டுக் காலநிலைக் குழு 2021 அறிக்கையில் சொல்வது: தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், ஒரு டிகிரி சூடான உலகில் பத்தாண்டில் ஏறத்தாழ 2.8 முறை வருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கனமழை 1.3 முறை. பார்த்தீர்களா ஐயா, வெப்பத்தில் மாற்றம் பெரியது, மழையில் அவ்வளவு இல்லை. ஓர் ஊரின் ஒரு நாள் மழையை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது. காக்காச்சியின் 1992 உச்சம் இன்னும் நிற்பதும் இந்தக் கணக்குக்கு முரண் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரியும் இருபது ஆண்டுக்கு மேல் நின்றதுதான்.

இன்னொன்று. மழைக்குச் 'சாதனை' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை என்னால் எழுத முடியவில்லை. அதனால்தான் 'உச்சம்' என்கிறேன்.

நீலகிரி மல்லி:

டீச்சர் வெப்பத்தைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் கோடு சுவரில் இல்லை, கூரையில் இருக்கிறது. ஊட்டியில் எங்கள் வீட்டுக் கூரையில் மின்விசிறி மாட்டக் கொக்கியே கிடையாது. 1970-களில் அப்பா வீடு கட்டியபோது அதெல்லாம் தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. அதற்கு முந்தைய ஏப்ரல் உச்சம் 1986-இல் 28.5. அரை டிகிரிதானே என்று கீழ்நாட்டு உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். தகரக் கூரைக்கு அடியில் படுத்த படுக்கையாக இருந்த மாமியாருக்கு ஈரத் துணி மாற்றிக்கொண்டே இருந்த எனக்கு அது அரை டிகிரியாகத் தெரியவில்லை. கடைக்குப் போனால் மேசை மின்விசிறி தீர்ந்துவிட்டது என்றார்கள். தை மாதம் புல்லின் மேல் உறைபனி பார்த்துப் பழகிய ஊர் இது.

வேளச்சேரி மாடிவீடு:

எங்கள் படிக்கட்டில் ஒன்பதாவது படி. 2015 டிசம்பர் 2 காலை தண்ணீர் அதுவரை நின்றது. அதற்கு முந்தைய நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்திருந்தது, 1918-க்குப் பிறகு அவ்வளவு பெய்த நவம்பர் வேறில்லை. நிறைந்து கிடந்த ஏரிகளின் மேல் டிசம்பர் 1-ஆம் தேதி மழை விழுந்தது. தாம்பரத்தில் 49 செ.மீ.

நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. நான்கே ஆண்டில், 2019 ஜூனில், அதே படிக்கட்டில் குடங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டுவிட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்தில் என் தையல் இயந்திரம் போனது. வறட்சியில் தண்ணீருக்கு நின்றே வேலை நாட்கள் போயின. எது பெரிய அடி என்று கேட்டால் இரண்டாவது என்பேன். வெள்ளத்துக்கு நிவாரணம் கொடுக்க ஆள் வருகிறார்கள். வறட்சி வந்தால் யாரும் வருவதில்லை.

ஷார்ஜாவிலிருந்து:

2024 ஏப்ரல் 16. ஆண்டு முழுவதும் 100 மி.மீ. பெய்தாலே நல்ல மழை என்கிற நாட்டில், அல் ஐன் பக்கத்தில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மி.மீ. 1949-இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து அப்படி இல்லை என்று அரசே அறிவித்தது. நான் நான்காவது மாடியில் இருந்தேன். லிஃப்ட் நின்றது. தெருவில் தண்ணீர் பல நாள் வடியவில்லை. மழைக்காகக் கட்டிய ஊர் இல்லையே. எதிர்வீட்டு மலையாளி அண்ணன் கயிற்றில் கூடை கட்டி இறக்குவார். கீழே பெஷாவர்க்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் ரொட்டியும் குடிநீரும் வாங்கி அதில் வைப்பார். ஆறு நாள் அப்படித்தான் சாப்பிட்டோம்.

மேகத்தில் உப்பு தூவி மழை வரவழைக்கும் மேக விதைப்பு செய்ததால் வந்த மழை என்று ஊரில் பலர் கேட்டார்கள். அதே மேகக்கூட்டம் ஓமானிலும் கொட்டி உயிர்களை எடுத்தது. பெருமழை வரும் என்று சில நாட்களுக்கு முன்பே வானிலைக் கணிப்புகள் சொல்லியிருந்தன. ஆகவே அந்தப் பேச்சை நான் நம்பவில்லை.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை அம்மாவுக்கும் ஆச்சிக்கும் படித்துக் காட்டினேன். சீட்டுக் கணக்கு ஆச்சிக்கு உடனே புரிந்தது.

தார்சாவில் புதிய கோடு இழுத்துவிட்டோம். நீர்க்கறை அழியும் முன்பே அண்ணன் அளந்து வைத்திருந்தான்: தரையிலிருந்து நான்கு அடி இரண்டு அங்குலம். பக்கத்தில் தேதியும், "குளத்துப் பக்கத்திலிருந்து" என்றும் எழுதியிருக்கிறோம். தாத்தாவின் கோட்டில் அது இல்லாததுதான் எங்களை ஆற்றுப் பக்கமே பார்க்க வைத்தது. பத்திரப் பெட்டி இப்போது அடுத்த வீட்டு மாடி அறையில் இருக்கிறது. அம்பாசமுத்திரத்து ஐயா, உங்கள் வீட்டில் 1992 கோடு இருந்தால் அதன் உயரத்தை அளந்து எழுதுவீர்களா? ஆற்றங்கரை நெடுக இரண்டு வெள்ளத்தின் உயரத்தையும் ஊர் ஊராகச் சேர்த்துவைக்க விரும்புகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்காரர்:

இன்று காலை அளந்தேன், தம்பி. 1992: வாசல்படியிலிருந்து மூன்று அடி ஒன்பது அங்குலம். 2023: ஒரு அடி மூன்று அங்குலம், அதுவும் ஆற்றுப் பக்கத்திலிருந்து. எங்கள் கோடு இன்னும் தாண்டப்படவில்லை. டீச்சருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கல்லிடைக்குறிச்சியில் என் சகலையின் வீட்டிலும் ஒரு கோடு உண்டு; ஞாயிற்றுக்கிழமை போகிறேன், நாடாவைக் கையோடு எடுத்துக்கொண்டு. எங்கள் வீட்டு அரிசி மூட்டையை நேற்றே பரணில் ஏற்றிவிட்டோம்.