ஒரு மணி நேர பஸ், இருபத்தைந்து வருடம்

மஞ்சக்குப்பத்துக்காரர்:

1976-லிருந்து 79 வரை தேவனாம்பட்டினம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். மத்தியானம் கடற்கரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால் காற்று கொஞ்சம் மணலையும் சேர்த்துப் பரிமாறும். அப்படிச் சேர்ந்து தின்றவர்களில் ஒருவன் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். 1986-இல் என் கல்யாணத்துக்கு வந்தான். அதற்கப்புறம் 25 வருடம் பார்க்கவில்லை. சண்டையெல்லாம் இல்லை. கடலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்துவிட்டோம். மஸ்கட்டில் வேலை பார்த்தவன் லீவில் வந்தால் மறுநாளே வீட்டு வாசலில் நிற்பான். பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் நாள் வாய்க்கவில்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். எங்கள் தெருவில் நின்ற மரம் என்று ஒன்று பாக்கியில்லை. கரண்ட் இல்லை, செல்போனும் செத்துவிட்டது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சாய்ந்து கிடந்த வேப்பமரத்தைத் தாண்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வழுக்கைத் தலை வருகிறது. ஒரு கையில் மெழுகுவத்திப் பொட்டலம், மறு கையில் தண்ணீர் கேன். நிவாரணம் கொடுக்க வந்த ஆள் என்று நினைத்து, "எதிர் வீட்டுல கைக்குழந்தை இருக்கு, முதல்ல அங்க கொடுங்க" என்றேன். "டேய், நான்டா!" என்றான். அவன் வீட்டிலும் ஓடு பறந்திருக்கிறது, கரண்ட் இல்லை. போன் போகாததால் நேரில் பார்க்க வந்தானாம். போன் போயிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிறான்.

அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு. ஒரு மாதம் அவன் இங்கே சில்வர் பீச்சுக்கு வருவான், ஒரு மாதம் நான் அங்கே. மாலை ஆறு மணிக்கு மேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய வசதி. வாட்ஸ்ஆப் குழுவும் இருக்கிறது. தினமும் பூப்படம், தேர்தல் வந்தால் சண்டை. எங்களில் ஒருவன் போனபோது நாற்பது பேர் "ஓம் சாந்தி" போட்டார்கள். மயானத்துக்கு வந்தது மூன்று பேர்.

உங்களுக்கு எப்படி?

லாஸ்பேட்டை அம்மா:

சார், உங்களுக்கெல்லாம் ஊரும் இனிஷியலும் அப்படியே இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணத்தோடு இரண்டும் போய்விடும். பாரதிதாசன் மகளிர் கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளை ஃபேஸ்புக்கில் மாதக்கணக்கில் தேடினேன். அப்பா இனிஷியலைப் போட்டுத் தேடினால் எப்படிக் கிடைப்பாள்? அவள் வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு ஒரு பேரக்குழந்தை.

கடைசியில் கிடைத்தது வங்கியில். நான் தபால் துறையில் ஓய்வு பெற்றவள். நவம்பர் மாதம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற அம்மாவுக்கு மிஷினில் கைரேகை விழவே இல்லை. "பாத்திரம் தேய்ச்சே ரேகை அழிஞ்சு போச்சு தம்பி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எங்கள் வகுப்பே ஒருமுறை வெளியே நின்றிருக்கிறது! உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போன இடத்தில் அவளும் இருக்கிறாள் என்று தெரிந்தது. இப்போது தினமும் பத்து நிமிடம் பேசுகிறோம். பெரும்பாலும் மாத்திரை, மருமகள்.

பண்ருட்டிக்காரர்:

எனக்கு இதெல்லாம் வாய்க்கவில்லை. முப்பது வருடம் கழித்து "மச்சி" என்று போன் வந்தால் ஒன்று பாலிசி, இல்லாவிட்டால் பத்திரிகை. போன தை மாதம் ஒருவன் பெண் கல்யாணத்துக்குக் கூப்பிட்டான். ஆயிரம் ரூபாய் மொய் எழுதினேன், பந்தியில் சாப்பிட்டேன், போட்டோவுக்கு நின்றேன். அதோடு சரி. இதற்காகவா தேடிப் போவது?

மஞ்சக்குப்பத்துக்காரர்:

பண்ருட்டி அண்ணே, மொய்யைத் திட்டாதீர்கள். எங்களுக்கு ஆட்கள் கிடைத்ததே அதில்தான். புயலுக்கு அப்புறம் மற்றவர்களையும் தேடலாம் என்று உட்கார்ந்தோம், யாருடைய விலாசமும் கையில் இல்லை. என் வீட்டுக்காரிதான் பரணிலிருந்து 1986 மொய் நோட்டை இறக்கினாள். ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை, எல்லாம் இருக்கிறது. நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு ஞாயிறும் ஓர் ஊர். டீக்கடையில் தகப்பன் பெயரைச் சொன்னால் போதும், பையன் சென்னையில் எந்தத் தெருவில் இருக்கிறான் என்பது வரை சொல்லிவிடுகிறார்கள். பதினான்கு பேர் கிடைத்தார்கள். ஒரு வீட்டில் மாலை போட்ட படம்தான் இருந்தது. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நோட்டில் "கணித வகுப்பு நண்பர்கள், சுவர்க் கடிகாரம் 1" என்று ஒரு வரி உண்டு. யார் யார் பங்கு என்று விசாரித்ததில், முத்தியால்பேட்டைக்காரன் தன் ஐந்து ரூபாயைக் கொடுக்கவே இல்லை என்று பரங்கிப்பேட்டைக்காரன் சாட்சி சொல்லிவிட்டான். போன ஞாயிறு காந்தி சிலைப் பக்கத்தில் வைத்து வசூல் செய்தோம். வட்டியோடு, நான்கு பேருக்குச் சுண்டல்.