சமனில் முடியும் என்எஃப்எல் ஆட்டங்கள்: ஓவர்டைமுக்குப் பத்து நிமிடம் போதுமா?

கேள்வி (எழுதுபவர்: நான்காம் டவுன்)

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் 2025 செப்டம்பர் 28 அன்று டாலஸ் கவ்பாய்ஸ் அணியும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் மோதிய ஆட்டம் 40-40 என்று சமனில் முடிந்ததைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது. அந்தப் பருவத்தில்தான் பிளேஆஃப் (பருவ முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்று) அல்லாத வழக்கமான ஆட்டங்களுக்கும் புதிய ஓவர்டைம் (சமனான ஆட்டத்துக்குத் தரும் கூடுதல் நேரம்) விதி வந்தது. முதலில் பந்தைப் பெறும் அணி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) அடித்தாலும் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடாது. எதிரணிக்கும் ஒருமுறை பந்து கிடைத்தாக வேண்டும். விதி மாறியது, நேரம் மட்டும் மாறவில்லை. பழையபடி 10 நிமிடம்தான்.

டாலஸ் முதலில் பந்தைப் பெற்று, பொறுமையாக முன்னேறி, இறுதியில் ஃபீல்டு கோலோடு (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) திருப்தியடைய வேண்டியதாயிற்று. கிரீன் பே பதிலுக்குக் களத்தைக் கடந்து வந்து, கடிகாரத்தில் ஒரே ஒரு நொடி மிஞ்சியிருந்தபோது ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தது. ஆளுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது, அதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. 80 புள்ளிகள் குவிந்த ஒரு ஆட்டத்தில் வென்றவர் யார் என்று சொல்ல முடியாமல் இரு அணிகளும் களத்தை விட்டு வெளியேறியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரு அணிகளுக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்று விதித்துவிட்டு, அந்த இரண்டு வாய்ப்புகளுக்கு மட்டுமே போதுமான நேரத்தைக் கொடுப்பது, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பது போன்றதல்லவா? இந்த விதியை முன்மொழிந்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி முதலில் 15 நிமிடம்தான் கேட்டது. அணி உரிமையாளர்கள் அதை 10 நிமிடமாகக் குறைத்த பிறகே நிறைவேற்றினார்கள். அந்த ஐந்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தாலே பெரும்பாலான சமன்கள் மறைந்துவிடும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மறுமொழி: பழைய பார்வையாளர்

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆயினும் சமனைக் களைய வேண்டிய குறையாகப் பார்ப்பதில் நான் உங்களோடு மாறுபடுகிறேன். பதினேழு ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் ஒன்று சமனில் முடிந்தால், அன்று அந்த இரு அணிகளும் சம வலிமையோடு ஆடின என்பதே அதன் பொருள். 2023-லும் 2024-லும் ஒரு ஆட்டம்கூடச் சமனில் முடியவில்லை. 2022-இல் இரண்டு முடிந்தன. இவ்வளவு அரிதாக நிகழும் ஒன்றுக்காக விதியைத் திருத்துவது தேவைதானா என்று யோசிக்க வேண்டும்.

சமனை எப்படிக் கணக்கில் கொள்வது என்பதில் லீக் ஒருகாலத்தில் பெரிய தவறு செய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1932-இல் கிரீன் பே பத்து ஆட்டங்களில் வென்று, மூன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. சிகாகோ பேர்ஸ் அணி வென்றவை ஆறு, தோற்றது ஒன்று, சமன் செய்தவை ஆறு. போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் அணிக்கு ஆறு வெற்றி, ஒரு தோல்வி, நான்கு சமன். அன்றைய முறைப்படி வெற்றி விகிதத்தில் சமன் கணக்கிலேயே சேராது என்பதால், பத்து வெற்றி கண்ட கிரீன் பே மூன்றாமிடத்துக்குப் போனது. மற்ற இரு அணிகளும் முதலிடத்துக்காகத் தனியே ஓர் ஆட்டம் ஆடின. 1972-இல்தான் சமன் என்பது அரை வெற்றி, அரை தோல்வி என்று ஆனது. என் பார்வையில் உண்மையான அநீதி அன்றே தீர்ந்துவிட்டது.

அந்த அரை வெற்றிக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை 2021 பருவம் காட்டியது. நவம்பரில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், அதுவரை ஒரு வெற்றியும் காணாத டெட்ராய்ட் லயன்ஸ் அணியோடு 16-16 என்று சமன் செய்தபோது அதை எல்லோரும் அவமானமாகவே பேசினார்கள். அந்தப் பருவத்தின் கடைசி இரவில் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணியும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணியும் ஓவர்டைமில் 32-32 என்று நின்றன. அது அப்படியே முடிந்திருந்தால் அந்த இரு அணிகளும் பிளேஆஃப் போயிருக்கும், ஸ்டீலர்ஸ் வெளியேறியிருக்கும். கடைசி நொடியில் ரெய்டர்ஸ் ஃபீல்டு கோல் அடித்து 35-32 என்று வென்றது; 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்த சார்ஜர்ஸ் அணியை, 9 வெற்றி, 7 தோல்வி, 1 சமன் என்று முடித்த ஸ்டீலர்ஸ் முந்திக்கொண்டது. நவம்பரில் அவமானமாகத் தோன்றிய அந்தச் சமனே ஜனவரியில் ஒரு அணியை உயிரோடு வைத்திருந்தது. சமனை நீக்கிவிட்டால் இந்த நாடகமும் இல்லை.

மறுமொழி: இரண்டாம் வாய்ப்பு

இருவரும் சமன் நல்லதா கெட்டதா என்றே பேசுகிறீர்கள். நேரத்தின் அளவு டாஸின் மதிப்பையே மாற்றிவிடுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த விதிகள் எல்லாமே டாஸின் மீது எழுந்த கோபத்தில் பிறந்தவை. 1974-இல் வழக்கமான பருவத்துக்கு ஓவர்டைம் வந்தபோது, முதலில் புள்ளி எடுப்பவரே வெற்றியாளர் என்பதே முறை. (அந்த முறையில் ஆடிய முதல் ஆட்டமே, பிட்ஸ்பர்க்கும் டென்வரும் மோதியது, 35-35 என்று சமனில் முடிந்தது.) உதைப்பவர்களின் திறன் வளர வளர, டாஸ் வென்ற அணி நாற்பது ஐம்பது கெஜம் நகர்ந்தாலே போதும் என்ற நிலை வந்தது. 2010 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் முதல் வாய்ப்பிலேயே ஃபீல்டு கோல் அடித்து மின்னசோட்டா வைக்கிங்ஸை வீழ்த்தியபோது, வைக்கிங்ஸின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) பிரெட் ஃபார்வ் ஓவர்டைமில் பந்தைத் தொடவே இல்லை. அதன் பிறகு பிளேஆஃபில் முதல் வாய்ப்பில் அடிக்கும் ஃபீல்டு கோல் மட்டும் ஆட்டத்தை முடிக்காது என்று மாற்றினார்கள். 2012-இல் அது எல்லா ஆட்டங்களுக்கும் விரிந்தது. டச்டவுன் மட்டும் விலக்காகத் தொடர்ந்தது. 2022 ஜனவரியில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் முதல் வாய்ப்பில் டச்டவுன் அடித்து பஃபலோ பில்ஸை 42-36 என்று வென்றபோது, அன்று அற்புதமாக ஆடியிருந்த பில்ஸின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே மாதத்தில் பிளேஆஃப் விதி மாறியது.

இருவருக்கும் வாய்ப்பு என்றதும் நியாயம் வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இரண்டாவதாகப் பந்தைப் பெறுபவருக்கு ஒன்று கூடுதலாகத் தெரியும்: தனக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பது. 2024 பிப்ரவரி சூப்பர் பவுலை, அதாவது லீக்கின் இறுதிப் போட்டியை, நினைத்துப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ டாஸ் வென்று முதலில் பந்தைப் பெற்றது. எல்லைக்கு ஒன்பது கெஜம் இருக்கும்போது நான்காம் டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி) வந்தது. எதிரணி என்ன செய்யப்போகிறது என்று தெரியாத நிலையில் அவர்கள் ஃபீல்டு கோல் அடித்தார்கள். அடுத்துக் கேன்சஸ் சிட்டிக்கும் நான்காம் டவுன் வந்தது. அவர்களுக்கு யோசிக்கவே இடமில்லை, உதைத்துக் கொடுத்தால் தோல்வி. அவர்களின் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் தானே பந்தோடு ஓடிக் காப்பாற்றினார். இறுதியில் டச்டவுன் அடித்து 25-22 என்று வென்றார்கள். ஓர் அணி மூன்று டவுன்களை வைத்துத் திட்டமிட, மற்றது நான்கையும் வைத்துத் திட்டமிட்டது.

அப்படியானால் சான் பிரான்சிஸ்கோ பயிற்சியாளர் கைல் ஷானகன் ஏன் முதலில் பந்தைக் கேட்டார்? மூன்றாவது வாய்ப்பு தமக்கு வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். இருவரும் ஒருமுறை ஆடியும் சமமாக இருந்தால், அடுத்துப் புள்ளி எடுப்பவரே வெற்றியாளர். அந்த மூன்றாவது வாய்ப்பு முதலில் பெற்றவருக்கே வரும். பிளேஆஃபில் நேர வரம்பு இல்லாததால் இந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. முதலில் பெறுபவருக்கு மூன்றாவது வாய்ப்பு, இரண்டாவதாகப் பெறுபவருக்குத் தகவல் என்று தராசு ஓரளவு சமமாக நிற்கிறது.

பத்து நிமிட ஓவர்டைமில் அந்த மூன்றாவது வாய்ப்பு வருமா என்பதே சந்தேகம். டாலஸ் ஆட்டத்தில் வரவே இல்லை. தராசின் ஒரு தட்டில் இருந்ததை எடுத்துவிட்டு, மறு தட்டில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். டாஸ் வென்றவர் இனி பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கவே விரும்புவார். பழைய அநீதி திசை மாறித் திரும்பி வந்திருக்கிறது. நேரத்தை நீட்ட வேண்டும் என்பதற்கு நான் காணும் காரணம் இதுதான், சமனில் முடிகிறதா இல்லையா என்பதல்ல.

மறுமொழி: தற்காப்பு வரிசை

நேரத்தை நீட்டச் சொல்பவர்கள் அதை யார் உடம்பில் நீட்டுகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 2017-இல் 15 நிமிடத்தை 10 ஆகக் குறைத்தது ஆட்டக்காரர்களின் உடல்நலத்தைக் கருதித்தான். ஞாயிறு இரவு எழுபத்தைந்து நிமிடம் மோதிய ஒரு தற்காப்பு வீரர் அடுத்த வியாழனன்றே மீண்டும் களமிறங்க வேண்டி வரலாம். இடையில் நான்கே நாட்கள். தற்காப்பு அணி களைத்துவிட்ட பிறகு அடிக்கும் டச்டவுன் திறமையைக் காட்டுகிறதா, களைப்பைக் காட்டுகிறதா என்பதும் எனக்கு ஐயமே. பிளேஆஃப் வேறு, அங்கே ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போயாக வேண்டும், ஆகவே அந்த விலையைக் கொடுக்கலாம்.

யாராவது கல்லூரி முறையைப் பரிந்துரைக்கும் முன் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கடிகாரம் இல்லை. ஒவ்வொரு அணியும் எதிரணியின் 25 கெஜக் கோட்டிலிருந்து தொடங்கும். 2018-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், எல்எஸ்யூ அணியை ஏழு ஓவர்டைம்களுக்குப் பிறகு 74-72 என்று வென்றது. அதன் பிறகு படிப்படியாக விதியை இறுக்கி, இப்போது மூன்றாவது ஓவர்டைமிலிருந்து இரண்டு புள்ளி முயற்சிகளை (எல்லைக்கு அருகிலிருந்து ஒரே முயற்சியில் பந்தைக் கொண்டுசேர்ப்பது) மட்டும் மாறி மாறி ஆட வைக்கிறார்கள். கிக்ஆஃபும் (தொடக்க உதை) பன்ட்டும் (பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது) இல்லாத, களத்தின் முக்கால் பங்கைப் பயன்படுத்தாத ஒன்றை இந்த விளையாட்டின் முடிவாக என்னால் ஏற்க இயலாது. அதைவிட ஒரு நேர்மையான சமன் மேல்.

நான்காம் டவுன்

மூவருக்கும் நன்றி. உடல்நலம் பற்றிய வாதத்துக்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. 15 நிமிடம் என்று கேட்டதை அந்த அளவில் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மூன்றாவது வாய்ப்பு பற்றி "இரண்டாம் வாய்ப்பு" சொன்னதை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆகவே இப்படி ஒரு திருத்தம் தோன்றுகிறது: கடிகாரம் 10 நிமிடமே இருக்கட்டும், ஆனால் இருவரும் ஒருமுறை ஆடிச் சமமாக நிற்கும்போது நேரம் தீர்ந்தால், முதலில் பெற்ற அணிக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு அளிக்கலாம். அதில் புள்ளி எடுத்தால் வெற்றி, இல்லையேல் சமன். களைப்பும் ஒரே ஒரு வாய்ப்பின் அளவோடு நின்றுவிடும்.

இரண்டாம் வாய்ப்பு

கருத்து நன்று, ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நேரம் எப்படியும் தமக்கு ஒரு வாய்ப்பைத் தரும் என்று தெரிந்தால், முதலில் பெறும் அணி பத்து நிமிடத்தில் எட்டு நிமிடத்தைத் தானே மெதுவாகத் தின்றுவிட்டு, எதிரணியை அவசரத்தில் தள்ளும். அதனால் அதற்கு ஒரு நட்டமும் வராது. இரண்டாவது வாய்ப்புக்கும் கடிகாரத்தை நிறுத்தி வைத்தால்தான் அது சமமாகும். அப்போது 10 நிமிடம் என்ற எண்ணுக்கே பொருள் இருக்காது.

பழைய பார்வையாளர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கிரீன் பே அந்த இரவில் 16 கெஜக் கோட்டில் ஒரு நொடியோடு நின்றபோது, அவர்களுக்கு வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு பந்து வீச்சில் டச்டவுனுக்கு முயன்றிருக்கலாம், தவறியிருந்தால் தோல்வி. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் உதைக்கத்தான் சொல்லியிருப்பேன், ஆகவே பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சமனை விதி அவர்கள் மீது திணித்தது என்று சொல்வது முழு உண்மையாகாது. அரை வெற்றிக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தே அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.