அஸ்டட்டைனை ஹாலஜன் என்பதா, உலோகம் என்பதா?

செங்கதிர்:
தனிம அட்டவணையில் அயோடினுக்குக் கீழே நிற்கும் 85-ஆம் தனிமமான அஸ்டட்டைனை இன்னும் எதற்கு ஹாலஜன் (ஃபுளோரின், குளோரின், அயோடின் குடும்பம்) என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்? 'உருகுநிலை 302 டிகிரி செல்சியஸ்' என்று துணிந்து அச்சிடவும் செய்கிறார்கள். யார் உருக்கிப் பார்த்தார்கள்? கண்ணுக்குத் தெரியுமளவு திரட்டினால் தன் கதிரியக்கச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். 2013-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு, அது அயோடினைப் போல ஈரணு மூலக்கூறாக இல்லாமல் உலோகமாகவே திரளும் என்கிறது. அமிலக் கரைசலில் நேர்மின் அயனியாகவும் திரிகிறது. இதுவா ஹாலஜன்?

வேதியியல் வாத்தியார்:
தம்பி, தோற்றத்தை விடுங்கள், நடத்தையைப் பாருங்கள். 1940-இல் பெர்க்லியில் கார்சன், மெக்கென்சி, செக்ரே மூவரும் பிஸ்மத்தை ஆல்ஃபா துகள்களால் தாக்கி இதை உண்டாக்கினார்கள். அதே ஆண்டில் ஹாமில்டனும் சோலியும் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, அயோடினைப் போலவே தைராய்டில் போய்ச் சேர்ந்தது. எந்த உலோகம் அங்கே போகும்?

செங்கதிர்:
டெக்னீஷியம் என்ற உலோகம் போகும், ஐயா. தைராய்டு ஸ்கேனுக்கு அன்றாடம் ஊசியில் ஏற்றுவது அதன் சேர்மமான பெர்டெக்னடேட்தானே? அந்தச் சாட்சி செல்லாது.

வேதியியல் வாத்தியார்:
சரி, எலக்ட்ரான் நாட்டத்துக்கு, அதாவது ஓர் எலக்ட்ரானைப் பிடிக்கும்போது அணு வெளியிடும் ஆற்றலுக்கு வாருங்கள். 2020-இல் செர்ன் ஆய்வகத்தில் அளந்து வெளியிட்டது 2.416 எலக்ட்ரான் வோல்ட். அயோடினுக்கு 3.06, குறைவுதான். ஆனால் ஹாலஜன் அல்லாத தனிமங்களில் முதலிடம் தங்கத்துக்கு, அதற்கே 2.31தான். கடைக்குட்டியாக இருந்தாலும் குடும்பத்துக்குள்ளேதான் இருக்கிறது.

குறிஞ்சி:
அணு மருத்துவப் பக்கமிருந்து ஒரு குறுக்கீடு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நாடுவது அஸ்டட்டைன்-211 என்ற ஐசோடோப்பை. அரை ஆயுட்காலம் 7.2 மணி நேரம். பிஸ்மத்தைத் தாக்கும் ஆல்ஃபாவின் ஆற்றல் சுமார் 29 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டவிடமாட்டார்கள். தாண்டினால் அஸ்டட்டைன்-210 கலந்துவிடும். அது சிதைந்து பொலோனியம்-210 ஆகும், கொடிய நஞ்சு. பிறகு பிஸ்மத்தை உலையில் சூடேற்றினால் அஸ்டட்டைன் மட்டும் ஆவியாகிக் குளிர்ந்த குழாயில் படியும். அயோடினைப் போல எளிதில் ஆவியாவதால் இதுவரை வாத்தியார் கட்சி. ஆனால் புற்றுநோய்ச் செல்லைத் தேடி ஒட்டும் புரதமான ஆன்டிபாடியில் கார்பனோடு பிணைத்தால் அயோடினைவிட எளிதில் கழன்றுவிடுகிறது. அதனால்தான் போரான் அணுக்களாலான கூண்டு வடிவ மூலக்கூறுகளில் பூட்டப் பார்க்கிறார்கள்.

செங்கதிர்:
தங்கத்தின் கணக்கு வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் அது தனி அணுவில் எடுத்த அளவு. திண்மத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஹாலஜன் என்றே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அந்த 302-க்குப் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று ஒரு சொல்லையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

வேதியியல் வாத்தியார்:
அதற்குத் தடையில்லை. கொதிநிலைக்கும் சேர்த்தே போடச் சொல்கிறேன்.